மெம்பர் மாமாவின் சாரனும் மகளின் கோடைகால வேலையும்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைக்கு லண்டனில் கோடைகால வேலை எடுத்துத் தர என்னால் முடியாது. என் மகளாலும் முடியாது. அவளுக்குக் கிடைத்ததே பெரும்பாடு, கிடைத்த பிறகு நாங்கள் பட்டது அதைவிடப் பெரும்பாடு.

இலங்கையில், எங்கள் கல்முனையில் எனக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது இந்த வருடம்தான் தெரிய வந்தது. சாய்ந்தமருதில் ஒரு மாமி, மருதமுனையில் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள், ஒலுவிலில் யாரோ ஒருவரின் மச்சி. எல்லோரும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். சலாம், சுகசெய்தி, பிறகு நீண்ட மூச்சு. அதற்குப் பின்னால் வருவது ஒரே கேள்விதான். “ஸஹ்ரா செஞ்ச அந்தப் பெரிய இடத்து வேலைக்கு என்ன படிக்கணும் புள்ள? உள்ளுக்குப் போனா என்ன செய்யச் சொல்லுவாங்க? எங்கட மகளையும் எடுப்பாங்களா?”

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வாசித்துவிட்டு மறுபடியும் குரல் பதிவு அனுப்பினால் நான் பொறுப்பில்லை.

2

ஸஹ்ரா என் ஒரே மகள். இங்கே லண்டனிலேயே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் முடித்த கையோடு, செல்வ முகாமை நிறுவனம் ஒன்றில் கோடைகாலப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். இன்டர்ன்ஷிப் என்பார்கள். செல்வ முகாமை என்றால் என்னவென்று என்னிடம் கேட்டவர்களில் முதல் ஆள் என் தம்பி நவ்ஷாத். கல்முனையில் உரக்கடை வைத்திருக்கிறான்.

“பணக்காரங்கட காச எங்க போட்டா நல்லம் எண்டு சொல்லிக் குடுக்கிற வேலை” என்றேன்.

“பணக்காரனுக்கு அது தெரியாதா ராத்தா? தெரியாமலா பணக்காரனானான்?”

“வட்டிக் காசா?” என்று அடுத்ததைக் கேட்டான். அந்தக் கேள்வி என் நெஞ்சிலும் கிடந்ததுதான். மகளிடம் கேட்டேன். வட்டி வேண்டாம் என்று சொல்லும் ஆட்களுக்கென்றே அங்கே ஒரு பிரிவு இருக்கிறதாம், கேட்டு அதில்தான் சேர்ந்திருக்கிறாளாம். நான் கேட்பேன் என்று தெரிந்து முன்கூட்டியே கேட்டிருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அவள் காற்சட்டையை மறுபடியும் ஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

சரி, உள்ளே போனால் என்ன செய்யச் சொல்வார்கள்? கேட்டீர்கள் அல்லவா, கேளுங்கள். பங்குச் சந்தையில் கோடிகளைப் புரட்டச் சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள். எல்லோருக்கும் குடிக்கக் கோப்பி எடுத்து வரச் சொல்வார்கள். கூட்டத்தில் மூலையில் இருந்து யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பெடுக்கச் சொல்வார்கள். அதைத் துப்புரவாக எழுதிக் கொடுத்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள். கணினியில் பெரிய அட்டவணைகளை நிரப்பச் சொல்வார்கள். பணக்காரர்கள் வந்து காசைப் பற்றிக் கதைப்பது கொஞ்சம்தானாம். மிச்சமெல்லாம் அண்ணன் தம்பிச் சண்டை, மருமகன் மேல் சந்தேகம், இரண்டாம் மனைவியின் பிள்ளைகள். “உம்மா, எங்கட ஃபேமிலி மாதிரியேதான், பட் வித் மணி” என்றாள். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

ஆனால் இது எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. வருகிற ஆள் யார், அவன் காசு எங்கிருந்து வந்தது, அவனுக்கு அரசியலில் தொடர்பு உண்டா என்று விசாரிப்பது. மந்திரி, மந்திரியின் மகன், மந்திரியின் மருமகன் என்று யார் வந்தாலும் அவர்களைத் தனியாக வைத்துத் துருவுவார்கள். லஞ்சக் காசு உள்ளே வந்துவிடக் கூடாதாம். விதிகளை எல்லோரும் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்களா என்று பார்ப்பதற்கே ஒரு மாடி முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மாடியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போய் விழுந்தது அங்கேதான்.

கோடை முடியும்போது, நன்றாகச் செய்தவர்களைக் கூப்பிட்டு, படிப்பு முடிந்ததும் நிரந்தர வேலைக்கு வா என்பார்கள். மற்றவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஸஹ்ராவுக்கு அந்தக் கூப்பிடுதல்தான் வேண்டும். சாப்பிடும்போதும் அதே கதை. அதற்காக அந்தப் பிள்ளை காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், பின்னேரம் எல்லோருக்கும் பின்னால் வந்தது.

3

எங்கள் ஊரில் பிள்ளையைக் குர்ஆன் ஓதப் போடும்போது யாராவது வெறுங்கையோடு போவார்களா? என்னை ஓதப் போட்ட அன்று வாப்பா ஒரு வாழைப்பழச் சீப்பும், சீனியும், ஓதிக் கொடுக்கும் லெப்பைக்கு இடுப்பில் உடுக்க ஒரு சாரனும் கொண்டு வந்தார். “புள்ளையை உங்கட கையில தாறன்” என்று சொல்லித்தான் விட்டுவிட்டுப் போனார். அது லஞ்சமா? அன்றைக்கு லெப்பை என்னை அடித்த அடிக்கு அது லஞ்சமாக இருந்திருக்கவே முடியாது.

ஸஹ்ராவின் மேலதிகாரி ஹெலன் என்ற பெண். மகளுக்கு ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறாள், பிழை விட்டால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறாள். நல்ல மனிசி. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் அவித்தேன். ஹெலனுக்கு ஒரு பாத்திரம் தனியாக எடுத்து வைத்தேன். கூடவே தம்பி ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பிய மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்று கண்ணாடித்தாள் பையோடு புதிதாக இருந்தது. ஹெலனின் கணவருக்கு இருக்கட்டும் என்று பிரிக்காமல் அப்படியே வைத்தேன்.

“உம்மா, இதெல்லாம் அங்க குடுக்கக் கூடாது” என்றாள் ஸஹ்ரா.

“சும்மா இரி மகள். சாப்பாட்டுச் சாமானை ஆரும் வேணாம் எண்டு சொல்ல மாட்டாங்க.”

“சாரன் சாப்பாடா?”

“கொண்டு போ எண்டா கொண்டு போ.”

கொண்டு போனாள். இவர், அதாவது ஸஹ்ராவின் வாப்பா, பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, “புள்ள சொல்றதக் கேளுங்களன்” என்று ஒரு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் பத்திரிகைக்குள் போய்விட்டார். அதைப் பிறகு ஆயிரம் தடவை ஞாபகப்படுத்தினார்.

4

ஹெலனுக்கு வட்டிலப்பம் பிடித்துவிட்டது. அதில் பிரச்சினை இல்லை. அங்கே யார் எது கொடுத்தாலும் பதிந்து வைக்க வேண்டுமாம். அவள் ஒழுங்கான மனிசி, சாரனைப் பதிய எடுத்துப் பையைப் பிரித்திருக்கிறாள். சாரன் மடிப்புக்குள்ளிருந்து ஒரு விசிட்டிங் கார்ட் விழுந்திருக்கிறது.

என் தம்பியின் கார்ட்.

அந்தக் கார்ட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் முழுக்க அவன் முகம். கோட்டு, டை, உதட்டில் ஒரு சிரிப்பு. பின்னால் நாடாளுமன்றம் மாதிரி ஒரு கட்டடம், எந்த நாட்டுடையது என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். கீழே பெரிய ஆங்கில எழுத்தில் அவன் பெயர், அதற்குக் கீழே “மெம்பர்”. ஊரில் யாருக்கு எது கொடுத்தாலும் கூடவே ஒரு கார்ட் வைப்பது அவன் பழக்கம். கல்யாண வீட்டு அன்பளிப்புக்குள்ளும் வைப்பான்.

அவன் மெம்பர் இல்லை. ஒரு தடவை மாநகர சபைத் தேர்தலில் நின்றான், தோற்றான். மறுநாள் காலையில் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கேலியாக “மெம்பர், வாங்க” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவன் திரும்பிப் பார்த்து, “ஓம், சொல்லுங்க, என்ன விசயம்?” என்று கேட்டிருக்கிறான். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது போனை எடுத்தாலும் “மெம்பர் கதைக்கிறன்” என்றுதான் தொடங்குவான். ஊர் முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறது. அவன் பெண்சாதிகூட மற்றவர்களிடம் “மெம்பர் வெளிய போயிட்டார்” என்பாள். நான் மட்டும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. தோற்றவனை வென்றவன் என்று கூப்பிட என் வாய் வளையாது. அவனுக்கும் அது தெரியும்.

கார்ட் ஹெலனின் மேசையிலிருந்து அந்த மாடிக்குப் போனது. மாடியிலிருந்து ஸஹ்ராவைக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டு அரசியல்வாதி ஒருவர், எங்கள் பயிற்சியாளர் மூலமாக எங்கள் அதிகாரிக்கு ஏன் துணி கொடுக்கிறார்? இவர் உங்களுக்கு என்ன உறவு? எந்தச் சபையில் இருக்கிறார்? இவருக்கு எங்கள் நிறுவனத்தில் பணம் போடும் எண்ணம் உண்டா?

தம்பிக்கு இருக்கிற பணத்தைப் போட ஒரு நிறுவனம் தேவையில்லை, சட்டைப் பை போதும். இதை நான் அங்கே போய்ச் சொல்லவா முடியும்?

ஸஹ்ரா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து அழுதாள். விசாரணை முடியும்வரை அவளைக் கூட்டங்களுக்குக் கூப்பிட மாட்டார்களாம். கோடை முடிய இருக்கிற நேரத்தில் இப்படி. கூட்டத்துக்கே போகாதவளை யார் நிரந்தர வேலைக்குக் கூப்பிடுவார்கள்? கதவுக்கு வெளியே நின்று நான் என்னையே திட்டினேன், பிறகு தம்பியைத் திட்டினேன், கடைசியில் அந்த மாடியைத் திட்டினேன். ஒரு சாரன்! உடுத்தால் முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு சாரனால் இவர்களுடைய நிறுவனம் கவிழ்ந்துவிடுமா?

அவர்கள் கேட்டது ஒன்றுதான். அந்த ஆள் எந்த அரசியல் பதவியிலும் இல்லை, இருந்ததும் இல்லை என்று அவரே எழுதிக் கையெழுத்து வைத்து, அவரது ஊரில் அதிகாரம் உள்ள ஒருவர் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அனுப்பினால் விசயம் முடிந்தது.

இவ்வளவுதானா என்று நினைத்தேன். என் தம்பியை எனக்குத் தெரியாதா என்ன, இருந்தும் அப்படி நினைத்தேன்.

5

ஸஹ்ராவே வீடியோவில் மாமாவைக் கூப்பிட்டாள். பெருநாளுக்குப் பெருநாள் சலாம் சொல்வதைத் தவிர மாமாவோடு அவளுக்குப் பெரிய கதை கிடையாது. அவளுடைய தமிழ் கடைக்குச் சாமான் வாங்கப் போகும் அளவுக்குத்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

தம்பி உரக்கடையில் இருந்தான். பின்னால் யூரியா மூட்டைகள். மூட்டைகளுக்கு மேல் நாவிதன்வெளிப் பக்கத்து விவசாயிகள் ஏறி இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“லண்டன்ல என்னைப் பத்தி விசாரிக்கிறானுகளா?” என்று கேட்டான். முகமெல்லாம் வெளிச்சம். திரும்பி, “கேட்டீங்களா, லண்டன் பேங்க்ல நம்மளப் பத்தி விசாரணை!” என்று மூட்டைகளுக்குச் சொன்னான்.

“மாமா, ப்ளீஸ். ஒரு கேள்வி” என்றாள் ஸஹ்ரா. “நீங்க எலெக்‌ஷன்ல வெண்டீங்களா?”

மூட்டைகள் மேல் இருந்தவர்கள் கோப்பையை வாயில் வைத்தபடியே தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை ஊரில் ஒருவரும் அவன் முகத்துக்கு நேரே கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

“வெண்ட மாதிரித்தான் மகள்” என்றான்.

“மாதிரி எண்டா? யெஸ் ஓர் நோ?”

“அது வந்து… மக்கள் மனசுல வெண்டுட்டன்.”

“மாமா, அந்த ஃபோர்ம்ல மனசு இல்ல.”

மூட்டை மேல் இருந்த ஒருவர் தேத்தண்ணியைத் துப்பிச் சிரித்தார். தம்பி போனைத் தன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான். “ராத்தா, சிக்னல் சரியில்ல, புறகு எடுக்கிறன்” என்றான். சிக்னலுக்கு ஒன்றும் இல்லை, அவன் மூக்கு மயிர்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. நான் எடுத்தால் அவன் பெண்சாதி எடுத்து, “மெம்பர் சாகாமம் ஊருக்குப் போயிட்டார் மதினி, வயல் விசயமா” என்றாள். உனக்கு வயலே இல்லையே என்று கத்த வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

விசயம் எனக்கு விளங்காமல் இல்லை. முத்திரை குத்த அவன் போக வேண்டியது சமாதான நீதவானிடம். ஓய்வுபெற்ற தபாலதிபர், ஹாஜியார். அவர் வீட்டு முற்றத்தில் காலையிலிருந்தே சனம் நிற்கும். அங்கே போய், “நான் மெம்பர் இல்லை, ஒரு நாளும் மெம்பராக இருந்ததில்லை” என்ற கடதாசியை நீட்ட வேண்டும். மத்தியானத்துக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிடும். விளங்குகிறது. விளங்கினால்? பிள்ளையின் வாழ்க்கை பெரிதா, இவனுடைய கார்ட் பெரிதா?

“அவனை விடுங்க, வேற வழி பார்ப்பம்” என்றார் இவர். வேறு என்ன வழி? பொய்க் கடதாசியா அனுப்புவது? “எனக்கு அந்த ஆளோட உறவே இல்லை எண்டு நானே எழுதிக் குடுக்கட்டா?” என்று கேட்டேன். அந்த நேரத்து ஆத்திரத்தில் அப்படித்தான் வந்தது. ஸஹ்ரா கேட்டுக்கொண்டு நின்றாள். “உம்மா, ஸ்டொப். மாமாவுக்கு ஷேமா, வெக்கமா இருக்கும்” என்றாள். மாமாவோடு ஒழுங்காகக் கதைக்கக்கூடத் தெரியாத பிள்ளை என்னிடம் அவனுக்காகப் பேசியது.

6

ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்குப் புறப்பட்டு நிற்கிறேன், போன் அடித்தது. வீடியோ. தம்பி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். டை இல்லை. பின்னால் ஒரு விறாந்தை, வாங்குப் பலகையில் இருந்துகொண்டு நிறையச் சனம்.

“ராத்தா, ஹாஜியார்ட வீட்ட நிக்கிறன். புள்ளையைக் கூப்பிடுங்க, அவ பார்க்கணும்” என்றான்.

ஸஹ்ரா ஓடி வந்தாள். தம்பி போனை மேசையில் சாய்த்து வைத்தான். ஹாஜியார் கண்ணாடியை மூக்கில் இறக்கி, கடதாசியைத் தூரப் பிடித்து, தனக்குள்ளேயே வாசித்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“மெம்பர், என்ன இது? இப்பிடி எழுதியிரிக்கி?”

“சரியாத்தான் இரிக்கி. முத்திரையைக் குத்துங்க.”

“பின்னால ஆக்கள் நிக்கிறாங்க” என்று ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். “நான் சத்தம் போடாமக் குத்தித் தாறன், கொண்டு போங்க.”

“இல்ல ஹாஜியார். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிங்க. புறகு ஆளுக்கொரு கதை கதைக்கக் கூடாது.”

ஹாஜியார் வாசித்தார். இன்ன ஆளாகிய நான் மாநகர சபைத் தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வியடைந்தேன். எந்தப் பதவியும் வகிக்கவில்லை. மெம்பர் என்று என்னை அழைப்பது ஊரார் பழக்கம், அது உண்மையல்ல. அந்தச் சாரனை நான் என் ராத்தாவுக்கு அனுப்பினேன், அதில் வேறு நோக்கம் எதுவும் இல்லை.

முத்திரை விழுந்த சத்தம் இங்கே கேட்டது. பிறகு பின்னால் இருந்து ஒரு பெண்ணின் குரல்: “அப்ப எங்கட தெரு லைற்ற எரிய வெச்சது ஆரு? ஒழுங்கா வெண்டவனா செஞ்சான்?” யாரோ சிரித்தார்கள், கேலிச் சிரிப்பு இல்லை. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மகள், இது போதுமா?” என்று கேட்டான்.

ஸஹ்ரா தலையை ஆட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதுவும் ஆத்திரமாகத்தான் வந்தது. இதை முதல் நாளே செய்திருக்கக் கூடாதா மடையா என்று திட்டினேன். போனை வைத்த பிறகு.

7

கடதாசி போனது. அந்த மாடி ஸஹ்ராவை மறுபடியும் கூட்டங்களுக்குப் போக விட்டது. விசாரணையைப் பற்றி யாரும் மூச்சுக்கூட விடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சாரனைத் திருப்பி அனுப்பினார்கள், பெரிய பெட்டியில், கையெழுத்து வாங்கிக்கொண்டு. வட்டிலப்பப் பாத்திரத்தை ஹெலன் கழுவிக் கொடுத்துவிட்டாள். வெறும் பாத்திரமாகக் கொடுக்காமல் உள்ளே கொஞ்சம் பிஸ்கட் வைத்திருந்தாள். அதையும் எங்கேயாவது பதிந்திருப்பாள்.

கோடையின் கடைசி நாள் ஸஹ்ரா வேலையிலிருந்து போன் பண்ணினாள். கூப்பிட்டுவிட்டார்கள். படிப்பு முடிந்ததும் வேலை. நான் மருந்துக்கடைக் கவுண்டரில் வேலையில் நின்றேன். வந்த நோயாளிக்கு வேறு ஆளின் மருந்தைக் கொடுக்கப் பார்த்தேன், நல்ல வேளை பக்கத்தில் நின்றவள் பிடித்துவிட்டாள்.

ஆகவே, கேட்ட எல்லோருக்கும் என் பதில் இதுதான். பிள்ளையை அனுப்புங்கள். நேரத்துக்குப் போகட்டும், குறிப்பெடுக்கட்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். அதிகாரிக்கு எதுவும் கொடுத்தனுப்பாதீர்கள். உங்களுக்கு ஒரு தம்பி இருந்தால், அவன் அனுப்பும் சாரனை உதறிப் பாருங்கள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது. எடுத்தான்.

“ஹலோ” என்றான். அவ்வளவுதான். பின்னால் கடைச் சத்தம். வருடக்கணக்காக என் காதில் ஏறி என்னைக் கொதிக்க வைத்த அந்த “மெம்பர் கதைக்கிறன்” இல்லை. இல்லாதது எனக்குத் தாங்கவில்லை. சொல்ல வந்ததை மறந்துவிட்டேன்.

“ஹலோ, ஆரு?” என்றான் மறுபடியும்.

“மெம்பர் இரிக்காரா?” என்று கேட்டேன்.

“ராத்தாவா?”

“ராத்தாதான். மெம்பரிட்ட ஒரு விசயம் சொல்லணும். புள்ளைக்கு வேலை கிடைச்சிட்டு.”

மாஷா அல்லாஹ் என்றாவது சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்தது தெரிந்தது. பிறகு தூரத்தில், யூரியா மூட்டைகளைப் பார்த்து, அவன் போட்ட சத்தம் மட்டும் கேட்டது.

“கேட்டீங்களா! எங்கட ராத்தா என்னை மெம்பர் எண்டு கூப்பிட்டுட்டா!”